தண்ணீரால் செத்த ஐம்பது பொறிவண்டுகள்

ஒரு பூச்சிமருந்தைக் கடைக்கு அனுப்புமுன், அது நல்ல பூச்சிகளைக் கொல்லுமா என்று சோதிக்க வேண்டும் என்பது விதி. விதியை மீறுகிற வழக்கம் அந்த ஆய்வகத்தில் கிடையாது.

சோதனை எளியது. ஐம்பது பொறிவண்டுகள்மேல் மருந்து. இன்னொரு ஐம்பதின்மேல் வெறும் தண்ணீர். எதில் எத்தனை சாகின்றன என்று ஒப்பிட வேண்டும். வண்டுகளை வளர்க்கிறவரை வண்டுக்காரர் என்பார்கள். அவருக்கு இதில் சொந்தக் கவலை ஒன்று உண்டு. அவர் அக்கா தோட்டத்தில் பீன்ஸ் போட்டிருந்தாள். அங்கே அசுவினிப் பூச்சியைத் தின்று தீர்ப்பது பொறிவண்டுதான். மருந்துக்கு அனுமதி கிடைத்தால் வண்டு போகும். பின்னாலேயே பீன்ஸும் போகும்.

"நீ உள்ளேதானேடா இருக்கே, பார்த்துக்கோ" என்று சொல்லியிருந்தாள்.

மருந்து அடித்த வண்டுப் பெட்டிகள், அதிகாரிகளின் உடல்நலம் கருதி, கடைசி அறைக்குப் போயின. தண்ணீர்ப் பெட்டிகள் ஆபத்தில்லாதவை. ஆகவே இயக்குநர் அறையை ஒட்டி வைக்கப்பட்டன. இயக்குநருக்குக் கொசு ஆகாது. தினமும் அவர் வருமுன் அந்தப் பக்கம் முழுவதும் கொசுமருந்து அடிப்பார்கள்.

மூன்றாம் நாள் எண்ணினார்கள். மருந்து பட்டதில் முப்பது செத்திருந்தன. தண்ணீர் பட்டதில் ஐம்பதும். வண்டுக்காரர் இயக்குநரிடம் போனார்.

"ஐயா, இது கொசுமருந்து செஞ்ச வேலை. தண்ணிப் பெட்டியில இவ்வளவு செத்தா மறுபடி செய்யணும்னு விதியிலயே இருக்குங்க."

"விதி இருக்குய்யா, நாள் இருக்கா? வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும்."

"கொசுமருந்துன்னு ஒரு வரியாவது எழுதலாங்களே?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இருக்கா? நீங்க அடிச்சது தண்ணிதானே?"

"ஆமாங்க."

"அதுக்குக் கீழே கையெழுத்துப் போடுங்க. பொய் சொல்லச் சொல்லலையே!"

பொய் இல்லைதான். போட்டார்.

'மேற்படி மருந்து பொறிவண்டுகளின் உயிரை நாற்பது விழுக்காடு காப்பதாகவும், தண்ணீர் அவற்றுக்கு முற்றிலும் உயிர்க்கொல்லியாக அமைவதாகவும் இதனால் அறியப்படுகிறது' என்று அறிக்கை போனது. அனுமதிக் குழு கூடியது. ஆளுக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, தண்ணீரின் கொடுமையை ஒருமனதாகக் கண்டித்தது. இனி யாரும் வெறும் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. நஞ்சுமுறிவாக மேற்படி மருந்தைக் கலக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது.

அக்கா ஓடி வந்தாள். "செடிக்குத் தண்ணி ஊத்தினதுக்கு நோட்டீஸ் வந்திருக்குடா!"

"மருந்து கலந்துடுக்கா, விட்டுடுவாங்க."

"வண்டு?"

"நல்லா இருக்கும்னுதான் அறிக்கை சொல்லுது."

"அந்த அறிக்கையில எந்தப் புண்ணியவான் கையெழுத்துப் போட்டான்?"

தம்பி குனிந்து செருப்பைத் தேடினார்.

அக்கா கலக்கவில்லை. ஆனால் ஊர் மாறிவிட்டது. கடைகளில் 'வெறும் தண்ணீர் படாதது' என்று முத்திரை குத்திய காய்கள் வந்தன. விவரம் தெரிந்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அக்காவின் பீன்ஸைக் கடைக்காரர்கள் தொடவே இல்லை. விற்காததில் ஒரு பையைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

தம்பி மனைவி பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முத்திரையே இல்லையேங்க. பிள்ளைங்க சாப்பிடுறது..."

நடந்தது முழுக்கத் தெரிந்தவர் வண்டுக்காரர். ஒரு பீன்ஸை ஒடித்து மோந்து பார்த்தார்.

"நல்லாக் கழுவிட்டாப் போச்சு."

"எதுல? தண்ணியிலயா?"

வண்டுக்காரர் பீன்ஸைத் திரும்பப் பையில் போட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, மருந்து வாங்கக் கடைக்குக் கிளம்பினார்.