கனகலிங்கத்தாரின் மத்தியான ஓட்டம்

"இந்த வருசம் நான் வண்டிலிலை வரமாட்டன்!" என்று கனகலிங்கத்தார் சபதம் எடுத்தபோது அவர் வாயில் பாதி இடியப்பம் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, தெளிவாக இன்னொரு முறை சொன்னார்.

கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத்தில் அவர் கிராம முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர். சங்க ஆண்டுவிழாவில் நாற்பது தாண்டிய ஆண்களுக்கு மூன்று மைல் ஓட்டம் உண்டு. பகல் பதினொரு மணி வெயிலில். போன வருடம் பாதி வழியில் அவர் ஒரு மருதமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வைக்கோல் வண்டி ஒன்று அவரை ஏற்றிவந்து, தலைமயிரெல்லாம் வைக்கோலாக, விழாப் பந்தலுக்கு முன்னால் இறக்கியது. அன்றிலிருந்து கூட்டத்தில் அவர் எழுந்து நின்றாலே யாராவது ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டார். பரிவோடுதான். அந்தப் பரிவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பயிற்சிக்கு அவரே ஒரு சாத்திரம் வகுத்தார். வெயிலில் ஓடவேண்டுமென்றால் உச்சி வெயிலில்தான் பழகவேண்டும். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், ஆகவே குடிக்கக்கூடாது. வேர்க்க வேர்க்க உடம்பு இறுகும், ஆகவே குளிர் மலைநாட்டு அற்றனிலிருந்து மச்சான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடவேண்டும்.

முதல் நாள் முகம் செங்கல்லாகத் திரும்பி வந்தார். அன்று காற்றே இல்லை, ஒரே புழுக்கம். வேர்த்த வேர்வை காயவும் இல்லை. இரண்டாம் நாள் வாசல் படலையடியில் வந்து வாந்தி எடுத்தார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. மனைவி விமலேஸ்வரி கம்பளிச் சட்டையைக் கழற்றி, குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். அவளுடைய தமையன் ஒருவன் இப்படித்தான் வெயில் தாக்கி வயலில் விழுந்தவன், எழும்பவே இல்லை. ஈரச் சட்டையைப் பிழிந்தபடியே பேசத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, வயலிலை நெல் அருவி வெட்டுற சனம் எப்பிடி வேலை செய்யுது எண்டு பாத்தனீங்களோ? விடியத் தொடங்கி, வெயில் ஏற நிழலுக்கு வந்திடுங்கள். உப்புப் போட்ட மோர்த்தண்ணி செம்பு செம்பாய்க் குடிக்குங்கள்."

"அது வயல் வேலை. இது விளையாட்டு."

"புதுசா வாறவனை முதல் நாள் எட்டு மணியோடை நிப்பாட்டுவினம். அடுத்த நாள் ஒன்பது. வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்குவினம்."

"உமக்கு ஓட்டத்தைப் பற்றி என்னப்பா தெரியும்?"

"ஒண்டும் தெரியாது," என்றாள் விமலேஸ்வரி.

அவ்வளவு சுலபமாக அவள் தோற்றது இருபது வருடத்தில் அதுவே முதல் தடவை. கனகலிங்கத்தார் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டார்.

மறுநாள் கம்பளிச் சட்டையைக் காணவில்லை. கறையான் அரித்துவிட்டது என்றாள். கூடவே, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையாரைப் பற்றி இன்னொரு செய்தியும் சொன்னாள்.

"வட்டவிதானையார் தண்ணி முறையை மாத்திப் போட்டாராம். இனி விடிய அஞ்சு மணிக்குக் கடைசி வாய்க்காலிலை மடைப் பலகை தூக்கித் தண்ணி விடவேணும். பிந்தினால் மேல் வயல்காரர் மறிச்சுப் போடுவினம்."

"ஒண்டரை மைல் இருக்குமே!"

"நடந்தால் பிந்தும்தான். நீங்கள் ஓடுற ஆள் எண்டபடியால் சொன்னனான்."

எந்தப் பலகை எந்த வயலுக்கு என்பதெல்லாம் விமலேஸ்வரியின் இலாகா. கனகலிங்கத்தாருக்குச் சங்கத்துக் கடிதங்கள் எழுதவே நேரம் போதாது. அவள் காட்டிய அடையாளத்தை வைத்துக்கொண்டு ஓடினார்.

பாதி வழியில் இராசமலரின் வீடு. அவள் புருசன் யோகலிங்கம் மாடு தள்ளிக் கால் முறிந்து படுத்திருந்தான். அவள் படலையில் செம்போடு நின்றாள்.

"அண்ணை, இந்த மோருக்கு உப்புக் கணக்கோ, கூடிப்போச்சோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. இவர் படுத்த நாள் தொட்டு எனக்கு ஒண்டும் விளங்குதில்லை."

அபிப்பிராயம் கேட்டவரைக் கனகலிங்கத்தார் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. செம்பு முழுவதையும் குடித்துப் பார்த்து, "கணக்கு," என்றார். அடுத்த நாளும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அதற்கடுத்த நாளும்.

விடிய மூன்று மைல் ஓடியவருக்கு மத்தியானம் கால் எழும்பவில்லை. "இண்டைக்கு ஓய்வு," என்று தானாகவே முடிவெடுத்தார். அப்படி ஒவ்வொரு நாளும் தானாகவே முடிவெடுத்தார்.

வட்டவிதானையாருக்கோ நிலையான புத்தி இல்லை போலும். நாலைந்து நாளைக்கொரு தடவை முறை பிந்தியது. ஐந்து மணி ஆறாயிற்று. ஆறு எட்டாயிற்று. விழாவுக்கு முந்திய கிழமை பத்தரை மணி வெயிலில் பலகை தூக்க ஓடினார். "இந்த மனிசனைப் பற்றி அரசாங்க அதிபருக்கு எழுதப்போறன்," என்றார். "எழுதுங்கோ, ஓட்டம் முடிய," என்றாள் விமலேஸ்வரி.

விழாவன்று ஒன்பது பேர் ஓடினார்கள். பாதி வழியில் இராசமலர் செம்போடு நின்றாள். பழக்கதோசம், நின்று குடித்து, "கணக்கு," என்று சொல்லிவிட்டு ஓடினார். நாலாவதாக வந்தார். தன் காலில் வந்தார். நன்றியுரையில், தண்ணீர் தொடாமல் உச்சி வெயிலில் பழகியதே இதன் இரகசியம் என்று அரைமணி நேரம் விளக்கினார். பெண்கள் பக்கம் விமலேஸ்வரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலையும் கூட்டத்தில் வட்டவிதானையார் வந்து கையைப் பிடித்தார்.

"செயலாளர் ஐயா, பெரிய புண்ணியம். யோகலிங்கத்தின்ரை வயலுக்கு ஒரு மாசமா ஓடி ஓடித் தண்ணி விட்டியள்."

"யோகலிங்கத்தின்ரை வயலுக்கோ? அப்ப எங்கடை வயலுக்கு?"

"உங்களுக்கு எப்பவும் பின்னேர முறை எல்லே? உங்கடை வீட்டுக்கார அம்மா ஒருநாளும் பிந்தினதில்லை. நீங்கள் தூக்கின பலகைக்கு நேரம் சொன்னதும் அவாதான்."

வீடு வரைக்கும் கனகலிங்கத்தார் அந்த ஒரு மாதத்தையும் எண்ணிப் பார்த்துக்கொண்டே நடந்தார். பின்னேரங்களில் அவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, மண்வெட்டியோடு அவள் படலை தாண்டிப் போனது இப்போதுதான் கண்ணில் பட்டது. வெட்கமாக இருந்தது. தனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று ஒருத்தி இவ்வளவு பயந்திருக்கிறாள் என்பதும் விளங்கியது. இருந்தாலும் நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று தொண்டையைச் செருமிக்கொண்டு குசினிக்குள் நுழைந்தார்.

விமலேஸ்வரி செம்பை நீட்டினாள்.

"உப்புக் கணக்கோ எண்டு பாருங்கோ."

குடித்தார்.

"கணக்கு," என்றார்.