பெரிய கோழிக்கு மட்டும்

எங்கே தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு. கால்நடை அலுவலகத்தின் படி ஏறும்வரை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். "ஐயா, குஞ்சுக்குப் பேன்." சே, மரியாதை போதாது. "ஐயா அவர்களே, எனது குஞ்சுகளுக்குப் பேன் பிடித்துள்ளது." இது சாவுச் செய்தி மாதிரி இருந்தது. இடுப்பில் அணைத்திருந்த மரப்பெட்டிக்குள் குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்றன. கடைக்குட்டி மட்டும் கத்தவில்லை. நேற்றிலிருந்து அது எழுந்து நிற்கவும் இல்லை.

அதிகாரி மெத்தை வைத்த நாற்காலியில் வீற்றிருந்தார். தலைக்கு மேல் 'பாதுகாப்பில் சிறந்த அலுவலகம்' என்ற கேடயம். பெட்டியைத் தம் பக்கம் இழுத்து, வைக்கோலை விரலால் கிளறி, நெடுநேரம் ஆய்வு செய்தார்.

"குஞ்சுங்க," என்று முடிவை அறிவித்தார்.

"ஆமாங்க. பேன் பிடிச்சிருக்குங்க."

"பேனுக்குப் பவுடர் இருக்கும்மா. ஆனா பெரிய கோழிக்கு மட்டும். வீரியமான மருந்து, குஞ்சு தாங்காது."

"அப்ப குஞ்சுக்கு என்னங்க மருந்து?"

"இதேதான். பெரிசானதும் கொண்டு வாங்க."

"அதுக்குள்ள பேன் ரத்தத்தை உறிஞ்சிடுங்களே!"

"உறிஞ்சட்டும். மருந்தால செத்தா நான் பதில் சொல்லணும். பேனால செத்தா பேன் பதில் சொல்லட்டும்."

இந்த நியாயத்தில் ஓட்டை எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அதிகாரி கேடயத்தைக் காட்டினார். "இந்த ஆபீஸ்ல மருந்தால ஒரு குஞ்சுகூடச் செத்ததில்லை, தெரியுமா?"

"எத்தனை குஞ்சுக்குங்க மருந்து குடுத்திருக்கீங்க?"

"ஒண்ணுக்குக்கூட இல்லை," என்றார் பெருமிதத்தோடு. சொல்லிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தார். பிறகு கழுத்தை. பிறகு, பொறுப்பான பதவியில் இருப்பவர் நாலு பேர் முன்னால் சொறியத் தகாத இடங்களை எல்லாம்.

"யோவ், பவுடரை எடுத்துட்டு வாய்யா!"

பியூன் ஓடிவந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "ஐயா, பெரிய கோழிக்கு மட்டும்னு போட்டிருக்கு."

"நான் என்ன குஞ்சாய்யா?"

"பெரியவர்தாங்க. ஆனா கோழி இல்லையே. நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க?"

பியூனும் அந்த ஆபீஸில் ஊறியவர்.

அதிகாரி துள்ளியபடியே ஆணைகள் பிறப்பித்தார். "மெத்தையைத் தூக்கி வெளியே போடு! நாற்காலி இடுக்குலதான் போய் ஒளிஞ்சுக்கும். கொதிக்கிற தண்ணியை ஊத்தித் தேய்! வெயில்ல நல்லாக் காயவை!"

அவள் மெல்லக் கேட்டாள். "இதையே குஞ்சுப் பெட்டிக்குச் செய்யலாமாங்க?"

"இது நாற்காலிக்கும்மா. பெட்டிக்கு நான் ஒண்ணும் சொல்லலை."

வீட்டுக்கு வந்ததும் குஞ்சுகளை ஒரு கூடைக்கு மாற்றி, பல்பு வெளிச்சத்தின் கதகதப்பில் விட்டாள். மேலே ஊர்ந்ததை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாள். பழைய வைக்கோலைக் கொளுத்தினாள். காலிப் பெட்டியின் இடுக்குகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றித் தேய்த்து, ஈரம் போக வெயிலில் காயவைத்து, புது வைக்கோல் பரப்பிய பிறகே குஞ்சுகளை உள்ளே விட்டாள். சில நாள் விட்டு மறுபடியும் அதையே செய்தாள். கடைக்குட்டி ஒருநாள் எழுந்து நின்று, முதல் வேலையாக அவள் விரலைக் கொத்தியது.

செய்தி பரவாமல் இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரி ஒரு பெட்டியோடு வந்து நின்றாள்.

"அக்கா, என் குஞ்சுக்கும் பேன். உங்களுது பிழைச்சிடுச்சே, என்ன பண்ணீங்க?"

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் என்று சொல்லி, இவள் குஞ்சுகளோடு சேர்த்து ஊற்றித் தொலைத்தால்? அப்புறம் யாரைக் கேட்பார்கள்?

முக்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெட்டிக்குள் நெடுநேரம் பார்த்தாள்.

"குஞ்சுங்க," என்றாள்.

"ஆமாக்கா."

"பெரிசானதும் கொண்டு வாம்மா."

அவள் சொன்ன யோசனையால் இன்றுவரை ஒரு குஞ்சுகூடச் செத்ததில்லை.