முத்துக்குமாரசாமியின் கழுத்தும் ஒரு வலது கையும்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் சிவனணைந்தபெருமாளுக்கு வலது கை கெட்டுப்போயிருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க அரசாங்கத்துக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. ஐந்தருவி ரோட்டில் டூரிஸ்ட் வேன் இடித்த அன்றைக்கே அவருக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் அவர் அதிகாரி இல்லை.

மணிக்கட்டுக்குள் தகடு வைத்திருந்தார்கள். ஒரு முதுகைத் தேய்த்தால் இரண்டு நாள் கை வீங்கிக் கிடக்கும். ஒரு சீசன் முழுக்கப் போயிற்று. நஷ்டஈடு வந்தால் செங்கோட்டையில் சின்னதாக ஒரு எண்ணெய்க்கடை வைக்கலாம். வராவிட்டால் மனைவி மாடத்தி பீடி சுற்றித்தான் அடுப்பு எரிய வேண்டும். நஷ்டஈடு வர, ஊனம் இத்தனை சதவீதம் என்று தென்காசியில் விபத்துக் காயப் பரிசீலனைப் பிரிவு எழுதித்தர வேண்டும்.

"இந்தா பாருங்க, ஆபீசுல கைய அசைக்கப்படாது. என்ன கேட்டாலும் வலிக்குன்னு மட்டும் சொல்லுங்க," என்று மாடத்தி பஸ்ஸிலேயே மூன்று முறை சொன்னாள்.

"நான் என்ன பச்சப்புள்ளயா, ஏட்டி? வலிக்கத்தான செய்யுது!"

உள்ளே பிரிவுத் தலைவர் முத்துக்குமாரசாமி, கழுத்தில் பட்டையும் கையில் நாடி பார்க்கும் புது மாடல் வாட்சுமாக, இடது பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஆழ்ந்த யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். கழுத்து பிடித்துக்கொண்டு நான்கு நாளாயிற்று.

"என்ன தொழில் வே?"

"அருவிக்கரையில எண்ணெய் தேய்க்கது சார்."

சுவரைப் பார்த்த முகத்தில் கருணை பிறந்தது. "இந்தப் பக்கம் வாரும். உம்ம செயல்திறனை நேரடியாப் பரிசோதிக்கணும்லா. விதியில அப்படித்தான் இருக்கு."

எந்த விதி என்று சிவனணைந்தபெருமாள் கேட்டிருக்க வேண்டும். அவரோ அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டும் தொடாமலும் அமுக்கிவிட்டு "ஐயோ" என்று உட்கார்ந்திருந்தால் நாற்பது சதவீதம் நிச்சயம். பாவி மனுஷன், இருபத்தாறு வருஷத் தொழில்காரர். சுளுக்கு இருக்கும் இடம் கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. வாசலில் நின்ற மாடத்தி கண்ணைக் காட்டினாள். அவர் திரும்பவே இல்லை. பட்டையைக் கழற்றினார், பெருவிரலை வைத்தார், ஒரே அழுத்து. கைவலியில் அவருக்கு உயிர் போய் வந்தது. அதிகாரிக்குக் கழுத்து வலது பக்கம் திரும்பியது.

"அடடா!" முத்துக்குமாரசாமி வாட்சைப் பார்த்தார். "நாடி தொண்ணூத்தாறுல இருந்து எழுவத்திரெண்டுக்கு வந்துட்டு வே! லிங்கேஸ்வரன், இதைப் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வையும். அறிவியல் ஆதாரம்."

எழுத்தர் லிங்கேஸ்வரன் ஃபைலில் வைத்தார். பிறகு, ஒருவர் மட்டும் பரிசோதித்தால் ஆடிட்டில் கேள்வி வரும் என்று சட்டையைக் கழற்றிவிட்டு பெஞ்சில் குப்புறப் படுத்தார்.

அவர் முதுகையும் தேய்த்து முடித்தபோது, "கை வீங்குது சார்," என்றார் சிவனணைந்தபெருமாள்.

"நல்லா வீங்குன பொறவு தேதி போட்டு இன்னொரு மனு குடும். இப்ப உள்ளதைத்தான் இப்ப எழுத முடியும்," என்றார் முத்துக்குமாரசாமி.

அரை மணி நேரத்தில் ஆணை தயார். 'மனுதாரரின் வலது கை இரு அரசு ஊழியர்கள் மீது ஐயந்திரிபறப் பரிசோதிக்கப்பட்டு, நன்னிலையில் உள்ளது கண்டறியப்பட்டது. ஊனம்: பூஜ்யம் சதவீதம்.' மனுதாரர் இடது கையால் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொண்டார். ஏன் இடது கை என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே கட்டும் ஊன்றுகோலும் கையில் டோக்கனுமாகக் காத்திருந்த கூட்டம் ஆணையை வாசித்துக் கொதித்தது. "அநியாயம்! இவனுவள சும்மா விடப்படாது!" என்று டோக்கன் பதினேழு கத்தினார். மாடத்தி அழுதாள். கூட நாலு பேர் அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்து டோக்கன் பதினேழு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, அந்தாளு கழுத்து நெசமாவே திரும்பிட்டா?"

"திரும்பிட்டு."

"லாரி இடிச்சதுல இருந்து எனக்கும் இங்கன பிடிச்சே கெடக்கு. ஒரே ஒரு அழுத்து..."

"கை ஆகாது தம்பி. வீங்கிட்டு."

டோக்கன் பதினேழு அந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய? கைக்கு ஒண்ணும் இல்லேன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்குலா!"

அவருக்குப் பின்னால் பதினெட்டும் பத்தொன்பதும் வந்து வரிசையில் நின்றார்கள்.