புளி போட்ட அருங்காட்சியகம்

பித்தளைக் குடத்தில் தன் முகம் தெரிந்ததும் தங்கையா ஓரடி பின்வாங்கினார். நேற்று வரை அது கறுத்துப்போன குடம்.

செங் ஊருக்குப் பக்கத்தில், பழைய ரப்பர்த் தோட்ட மருந்தகத்தில் நடக்கும் குட்டி அருங்காட்சியகத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்த பிறகு, அங்கே உழைத்தவர்களுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். ஆள் வருவதில்லை என்று அதை மூடி, சாமான்களை லோரியில் ஏற்றி மலாக்கா கிடங்குக்கு அனுப்பப் பேச்சு. இன்று அதிகாரி வந்து முடிவு சொல்வார். நேற்றுக் கோயிலில் விஷயத்தைச் சொல்லி, "ஒரு கை குடுங்க" என்று ஊராரைக் கேட்டதும் தங்கையாதான்.

"இருசம்மாக்கா, என்னாக்கா இது?"

"புளி போட்டுத் தேய்ச்சோம் தம்பி. பெரிய ஆளு வர்றப்ப அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள், தினமும் அங்கே பெருக்கும் இருசம்மாள்.

"இடுப்புல ஒரு நசுங்கல் இருந்துச்சே?"

"சுரேன் தட்டி எடுத்துட்டான்."

தங்கையா திரும்பினார். பால்வெட்டுக் கத்தி மின்னியது. பால் வாளியில் துருவைக் காணோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

"ஐயோ, பழசைப் பாக்கத்தானே அந்த அதிகாரியம்மா வர்றாங்க! பழசாக்குங்க!"

சொன்னதுதான் தாமதம், மோட்டார் பட்டறை சுரேன் கறுப்பு எண்ணெயை எடுத்துவந்து எல்லாவற்றுக்கும் பூசிவிட்டான். "கவலைப்படாதீங்க அங்கிள், இப்ப நூறு வருஷம் ஆயிருச்சு லா!"

வயது கூடியதோ இல்லையோ, மருந்தகம் முழுக்கப் பட்டறை வாடை அடித்தது. அதை விரட்டச் சுரேனின் அம்மா கோமளா சாம்பிராணி போட்டாள். கோயில் பழக்கத்தில் தாராளமாகவே போட்டாள்.

அந்தப் புகைக்குள் இருமிக்கொண்டே வந்து நின்றார் அதிகாரி பவானேஸ்வரி. குடத்தைத் தொட்டார். விரல் கறுத்தது.

"இது எந்தக் காலத்துக் குடம்?"

தங்கையா தலையைச் சொறிந்தார். "பழசுதான் மேடம்... கொஞ்சம் கழுவிட்டாங்க."

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். லீவு போட்டவர்கள், தொழிற்சாலைச் சட்டையோடு வேலை முடிந்து நேராக வந்தவர்கள், கையில் துணியோடு வாசல் வரை நின்றார்கள். தங்கையாவுக்கே கோபம் போய்ப் பெருமை வந்துவிட்டது. இப்படியொரு ஊர் யாருக்கு வாய்க்கும்!

"சாமான் எப்படியோ போகட்டும்," என்றார் அதிகாரி, விரலைத் துடைத்தபடி. "இத்தன பேரு பாத்துக்கிற இடத்த மூடச் சொல்லி நான் எழுதமாட்டேன்."

கார் கிளம்பியதும் தங்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை மட்டும் காரணமில்லை. "எல்லாம் சரிதான்க்கா. ஆனா அந்தப் பழைய குடம் போயிருச்சே!"

இருசம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க போயிருச்சு? உன் மூஞ்சிக்குப் பொய் சொல்ல வராதுன்னுதான் உன்கிட்ட சொல்லல. லோரிக்காரன் ஏத்துனா என் மருமக சீர்க்குடத்த ஏத்திட்டுப் போகட்டும்னு, ஆளுக்கொரு சாமானா வீட்டுலருந்து கொண்டாந்து வச்சுட்டு, பழசையெல்லாம் நேத்தே எங்க வீட்டுல ஒளிச்சுட்டோம் தம்பி!"