காலர் பட்டை ஒவைஸ்

அசல் பைத்தியம் என்று ஓர் இனம் உண்டு. பைத்தியம் அசல் என்று சொல்லவில்லை, அசல்மேல் பைத்தியம். தேன் கொடுத்தால் நக்கமாட்டார்கள், காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு உற்றுப் பார்ப்பார்கள். இவ்வினத்தில் நன்கு முற்றிய உருப்படியைக் காண விரும்பினால் மலைப்பாதை பஸ் பிடித்து ஜமுனாமரத்தூர் வாருங்கள். செருப்புக்கடை ஒவைஸ் பாய் என்றால் யாரும் காட்டுவார்கள். காட்டிவிட்டு ஓடிவிடுவார்கள்.

பாய் சேர்ப்பது, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் டாங்கிப் படைக்காரர்கள் சட்டையில் அணிந்த சின்னங்களை. கறுப்புக் காலர் பட்டை, சுற்றிலும் இளஞ்சிவப்பு ஓரம், நடுவே குட்டி உலோக மண்டையோடு. மலை மேல் டாங்கி ஏது என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன், மதியச் சாப்பாடு போயிற்று.

"பாய், செருப்பு காலக் கடிக்குது" என்று சாமை விவசாயி வேடியப்பன் வந்து நிற்பார்.

"கடிக்கட்டும். இந்த மண்டையோட்டுக்குப் பின்னால ஊசி வளைஞ்சிருக்குது பாரு. டூப்ளிகேட்ல இந்த வளைவு வராது!"

வேடியப்பன் பார்ப்பார். வேறென்ன செய்வார், ஒற்றைச் செருப்போடு?

அந்தப் படை உலகத்தை என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள், பாய்க்குத் தெரியாது. பட்டையை எந்த நூலால் தைத்தார்கள் என்று கேளுங்கள், பொழுது சாயும்வரை சொல்வார்.

சின்னங்களோடு ஓர் ஊதா வெளிச்ச டார்ச்சும் வாங்கியிருந்தார். பழைய நூல் அதில் மங்கிக் கிடக்குமாம். இக்காலத்து நூல் பளிச்சென்று மின்னிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். இந்நிலையில்தான் தங்கை ஃபிஜாவுக்கு நிச்சயம் பேச வாணியம்பாடியிலிருந்து ரஹ்மான் பாய் குடும்பத்தோடு வந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார், அதிகம் பேசாத மனிதர். பட்டுப்புடவையைத் தட்டில் வைத்து நீட்டினார். நம் பாய் அதை வாங்கினாரா? எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினார், விளக்கை அணைத்தார், டார்ச்சை அடித்தார்.

புடவை பளபளவென்று மின்னியது.

"டூப்ளிகேட்!" என்று ஆனந்தமாகக் கத்தினார்.

இருட்டில் யாரோ இருமினார்கள். ரஹ்மான் பாய் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. ஃபிஜா அழுவதற்கு மூச்சை இழுத்தாள். பாயின் மனைவி சகிலா மட்டும் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள்.

"இன்னா பண்ற சகிலா? அத்த தொடாத!"

கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்த பதினேழு காலர் பட்டைகளும் சீரியல் பல்பு போல ஜொலித்தன.

பாய் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். "அது... ஜெர்மன்காரன் கெட்டிக்காரன். அப்பவே இந்த நூலைக் கண்டுபிடிச்சிட்டான்."

"அப்ப என் புடவையும் ஜெர்மன்காரன் நெய்ததுதான்" என்றார் ரஹ்மான் பாய், இருட்டிலிருந்து.

முதலில் சிரித்தது ஃபிஜா. "பாயிஜான், மாப்ள ஒரிஜினலா இருந்தா எனக்குப் போதும். அவருமேல மட்டும் டார்ச் அடிச்சிடாதீங்க!" ஜன்னல்கள் திறந்தன, பிரியாணி வந்தது, தேதி குறித்தார்கள். பாய் மட்டும் கண்ணாடிப் பெட்டியருகே உட்கார்ந்து, பட்டைகளை ஒவ்வொன்றாகத் துணியில் மூடினார். பாவமாகத்தான் இருந்தது. சகிலா தட்டில் ஒரு கறித்துண்டு கூடுதலாக வைத்து அவரிடம் நகர்த்தினாள். அது ஆட்டுக்கறிதானா என்று அவர் கேட்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: படித்துக்கொண்டே வரும்போது, 'ஜமுனாமரத்தூரில் இப்படி ஓர் ஆள் நிஜமாக உண்டா, இல்லை இவன் சும்மா விடுகிறானா?' என்று நடுவில் ஒருமுறை தோன்றியதல்லவா?

வணக்கம். அந்த இனத்தின் அடுத்த உருப்படியாக உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.