மச்சான் கை படாத எஞ்சின்

"உன் தம்பி ஸ்பேனர் என் டிராக்டர் மேல பட்டுச்சுன்னா நான் மனுஷனே இல்லை!"

சபதம் போட்ட வேகத்தில் பானெட் மேல் ஓங்கி ஒரு குத்து விட்டார் கணவர். கை விண்ணென்று வலித்தது. சபதம் போட்டவர் கையை உதறலாமா? பல்லைக் கடித்துக்கொண்டார்.

மழைக்கு முன்னால் நிலத்தை உழுதாக வேண்டும். டிராக்டரோ வெள்ளைப் புகையாகக் கக்கிவிட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டது. எஞ்சினுக்கும் அதன் தலைக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறதே, ஹெட் கேஸ்கெட், அது புட்டுக்கொண்டது. தண்ணீர் ஆயிலில் கலந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால் பால் விட்ட காப்பி நிறம். மனைவியின் தம்பி கைதேர்ந்த மெக்கானிக்தான். ஆனால் பாவி, போன வருஷம் நாலு பேர் முன்னால், "மாமா, இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

"அவன் இப்போ புதுசா..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"அவன் பேச்சையே எடுக்காதே! நட்டைக் கழட்டு, தகட்டை மாத்து, நட்டை முடுக்கு. ஜாடி மூடி திறக்கத் தெரிஞ்சா போதும்."

"நம்ம வீட்டுல அதையும் நான்தானே திறக்கறேன்?"

அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புதுத் தகட்டை வைத்தார். முன்பக்கத்து நட்டில் ஆரம்பித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரேயடியாக முறுக்கினார். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஜம்பமாகக் குனிந்து பார்த்தார். எஞ்சின் தலைக்குக் கீழேயிருந்து வெந்நீர் பீச்சியடித்தது. நல்லவேளை, தன் தலையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்; சட்டைதான் நனைந்தது.

"குளிச்சாச்சா?" என்றாள் மனைவி.

"தகடு மட்டமான சரக்கு! வேற வாங்கணும்."

"நானே வாங்கிட்டு வரேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்காங்க. கடைக்காரர் ரொம்ப விவரமானவர்."

புதுத் தகட்டோடு உபதேசமும் வந்தது.

"ஓரத்துல ஆரம்பிச்சா தகடு சரியா உக்காராதாம். நடு நட்டுல ஆரம்பிச்சு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வெளியே போகணுமாம். ஒரே மூச்சா முறுக்காம, கொஞ்சம் கொஞ்சமா மூணு சுத்து. கடைக்காரர் சொன்னார்."

கணவர் தாடையைத் தடவினார். முகம் முழுக்கக் கரி.

"தொழில் தெரிஞ்ச ஆள்! உன் தம்பிக்கு இந்த அறிவு உண்டா?"

"அவனுக்கு ஏதுங்க அவ்வளவு அறிவு!" என்றாள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

வேலை நடக்க நடக்க அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

"பழைய தகட்டோட பிசிறை எல்லாம் சுரண்டிட்டீங்களான்னு கேக்கறார்."

"சுரண்டாம இருப்பேனா? நான் என்ன கத்துக்குட்டியா?" என்று எகிறிவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அவசர அவசரமாகச் சுரண்டினார்.

இந்தத் தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, ஒழுகல் இல்லை. முற்றத்தை மூன்று தடவை சுற்றி வந்தார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் எட்டிப் பார்த்ததும் குரல் இன்னும் ஏறியது.

"பார்த்துக்கோங்க, எந்த மெக்கானிக்கும் தொடலை! அந்தக் கடைக்காரர் இருக்காரே, மனுஷன்னா அவர்தான் மனுஷன்! ஏய், அவரைச் சாப்பிட வரச் சொல்லு. என் கையால பரிமாறப் போறேன்!"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நானா? உயிரே போனாலும் மாற மாட்டேன். சார், நீங்கதான் சாட்சி!"

பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்க ஓடிய கணவர், பாதி வழியில் அப்படியே நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றியது மச்சான்.

"இவன் எதுக்குடி வந்தான்? கடைக்காரர் எங்கே?"

"இவன்தாங்க. போன மாசம் கடை போட்டான். சொல்ல வந்தேன், நீங்க எங்கே சொல்ல விட்டீங்க?"

"வணக்கம் மாமா. எஞ்சின் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு. அருமையா முடுக்கியிருக்கீங்க."

கணவர் வாயைத் திறந்தார். சுவருக்கு மேலே சாட்சியின் தலை அப்படியே இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மனைவி கரண்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"அவனுக்குச் சாதம் கொஞ்சம் தாராளமாவே போடுங்க, ரொம்பப் பசியோட வந்திருக்கான்."