சம்பந்திக்கு ஒரு ஒற்றைக்குழல் துவக்கு

லா சப்பல்,
பரிஸ்.
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய பெரியக்கா ஜெகதீஸ்வரி அவர்களுக்கு, தம்பி தவசீலன் மிகப் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே எனக்கும் திலகத்துக்கும் முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. அங்கே உங்களுக்கும் அத்தானுக்கும் மாடுகளுக்கும் அந்தக் குறையும் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் எடுத்தால் என் குரலைக் கேட்டவுடனேயே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டபிறகு வாசிக்காமல் விட உங்களுக்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும்.

லெ பிளாங்-மெனிலில் இருக்கும் நம் சின்னம்மாவின் மகள் வசந்தரூபி, நானும் திலகமும் துவக்குக் கடைக்குள்ளிருந்து வெளியே வந்ததை பஸ்ஸில் போகும்போது கண்டிருக்கிறாள். அவள் அடுத்த தரிப்பிடத்தில் இறங்க முன்னமே செய்தி வவுனியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. "துவக்கு இருக்கிற வீட்டிலை நான் கால் வைக்கமாட்டன், மருமகளின்ரை கலியாணமெண்டாலும் சரி" என்று நீங்கள் சொன்னீர்களாம். விசாவும் கிடைத்து, காஞ்சிபுரமும் எடுத்து, இப்போது வரமாட்டேன் என்றால் நான் என்ன செய்வேன்? என் மகள் ரூபிகாவை மணவறைக்குக் கைபிடித்து அழைத்து வர அவளுக்கு உள்ள மாமி நீங்கள் ஒருவர்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டு ஏசுங்கள், ஆனால் வாருங்கள்.

மாப்பிள்ளை யூலியனின் தாய் தகப்பன் ஓர்லியோன் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர்கள். தகப்பன் பெயர் தியரி, தாய் ஜெர்மேன். முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது திலகமும் ஜெர்மேனும் குசினிக்குள் புகுந்து வடை சுடத் தொடங்கிவிட்டார்கள். நானும் தியரியும் கதிரையில் எதிரும் புதிருமாக இருந்தோம். என்னுடைய பிரெஞ்சு முழுக்க ரெஸ்டோரண்ட் குசினியில் படித்தது. தட்டு வருது, அடுப்பு சூடு, சீக்கிரம் அனுப்பு என்பதற்கு மேல் அதில் சம்பந்தியோடு பேச ஒன்றுமில்லை. அவரோ பிறவியிலேயே பேச்சுக் குறைந்த மனிதர். எங்கள் மகள் போகிற போக்கில் பிரெஞ்சிலேயே சொன்னாள், நீங்கள் இருவரும் கலியாணத்தன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆட்கள் மாதிரித்தான் இருக்கப்போகிறீர்கள் என்று. எனக்குச் சுருக்கென்றது. அக்கா, இந்த ஊரில் எனக்கு அண்ணன் தம்பி என்று யாருமில்லை. வருவது ஒரு சம்பந்தி. அவரோடும் பேச்சில்லாமல் இருந்தால் என்ன சம்பந்தம்?

அந்த நேரம் பார்த்துத் தியரி போனைத் திறந்து ஒரு படம் காட்டினார். பெரிய காட்டுப்பன்றி, பக்கத்தில் அவர். நீங்களும் வேட்டைக்குப் போவீர்களா என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டாருக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம், நீங்கள்தான் வளர்த்தீர்கள். "வுய்" என்றேன். ஊரிலும் பன்றி உண்டா என்றார். "வுய்" என்றேன், அது உண்மைதான். பிறகு, நடுவில் மடித்துத் திறக்கிற ஒற்றைவெடித் துவக்கு இப்போது மலிவாகக் கிடைக்கிறதாம், அதில் சொட்கன் நல்லதா ரைபிள் நல்லதா என்று கேட்டு, விலையையும் சொன்னார். நான் அதற்கும் "வுய்" என்றேன்.

அவர்கள் போனபிறகு இதைத் திலகத்திடம் சொன்னேன். அவள் கையிலிருந்த தட்டத்தைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் பெண்ணின் தகப்பனுக்கு முன்னால் ஒரு பொருளின் பெயரைச் சொல்லி, விலையையும் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. "வீடு கேக்கேல்லை, காணி கேக்கேல்லை, நகை கேக்கேல்லை. ஒரு துவக்குத்தானே கேக்கினம், வாங்கிக் குடுப்பம்" என்றாள் திலகம். வெள்ளைக்காரருக்குச் சீதனம் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தது எங்கள் அறியாமை என்றும் சொன்னாள்.

மகளிடம் கேட்டால் சீதனம் என்ற சொல்லுக்கே கலியாணத்தை நிறுத்திவிடுவாள். அதனால் மாப்பிள்ளையை இரகசியமாகக் கேட்டேன், மலிவாக நல்ல துவக்குக் கடை எங்கே என்று. பையன் ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு, ஒஸ்தர்லிஸ் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையின் பெயரை எழுதி, சனிக்கிழமை காலை போகச்சொல்லி அனுப்பினான். நல்ல நேரம் பார்த்து, ராகுகாலம் தொடங்க முன்னம் உள்ளே போனோம்.

கடைக்காரி ஆன்ஜெலிக் என்று ஒரு பெண். மேசையில் இரண்டு துவக்குகளை வைத்து விளக்கினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை செய்ததால் திலகத்துக்கு முழுவதும் விளங்கியது. இரண்டும் ஒரே மாதிரித்தான்: நெம்புகோலைத் தள்ளினால் குழல் தொங்கும், ஒரு தோட்டாவைப் போட்டு மூடவேண்டும், ஒரு வெடிதான். சொட்கனின் குழல் உள்ளே வழுவழுப்பு. பறவைக்குச் சிறு சன்னமும் போடலாம், பன்றிக்குத் தனி ஈயக்குண்டும் போடலாம், ஆனால் கிட்ட நின்றுதான் சுடவேண்டும். எல்லாவற்றிலும் மலிவு. பாரம் குறைவு என்பதால் வெடிக்கும்போது தோளில் உதைக்கும். ரைபிளின் குழலுக்குள் சுருள் வெட்டு உண்டு, தூரத்துக்கு நேரே போகும். விலை கொஞ்சம் கூட. அதற்குமேல் பூட்டுகிற தொலைநோக்கிக்குத் துவக்களவு விலை கேட்பார்கள்.

திலகம் துவக்கு வாங்கிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் திறந்து திறந்து மூடி, பிரஷர் குக்கர் மூடியைப் பார்ப்பது போலக் காதுக்குக் கிட்ட வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாள். மரப்பிடியின் நிறம் சம்பந்தியம்மாவின் தளபாடத்துக்குப் பொருந்துமா என்று யோசித்தாள். ஒரு வெடிதான் என்றால் தவறினால் என்ன செய்வது என்று கேட்டாள். ஒன்றுதான் என்று தெரிந்தவர் நன்றாகப் பார்த்துத்தான் சுடுவார், அதனால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் நல்லது என்றாள் ஆன்ஜெலிக். திலகம் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கடை வாயும் அப்பிடி இருந்திருந்தால் நாங்கள் இஞ்சை நிக்கத் தேவையில்லை" என்றாள். கடைசியில் ஆன்ஜெலிக் மூன்றாவது ஒன்றை எடுத்தாள். ஒரே பிடிக்கு இரண்டு குழல், சொட்கன் குழலைக் கழற்றிவிட்டு ரைபிள் குழலைப் பூட்டலாம். திலகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. மிக்சி மாதிரி, ஒரு மோட்டார், இரண்டு சாடி என்று சொல்லி, துடைக்கிற துணியும் உறையும் சும்மா தரவேண்டும் என்று பேரம் தொடங்கினாள்.

அளவு பார்க்கச்சொல்லி அதை என் தோளில் வைத்தார்கள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் பார்த்தால் எனக்குப் பின்னால் வாசலில் தியரி நிற்கிறார், இரண்டு கையையும் மேலே தூக்கியபடி.

ஆன்ஜெலிக் பாய்ந்து வந்து துவக்கை வாங்கி மேசையில் வைத்தாள். தியரி மெல்லக் கையை இறக்கி, தடுமாறித் தடுமாறிச் சொன்னார், "மிசியு தவசீலன், இதை உங்களுக்கு வாங்கித் தரத்தான் நான் வந்தேன்."

விஷயம் இதுதான் அக்கா. யூலியன் தகப்பனிடம், தமிழ் வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் மரியாதையில்லை என்று சொல்லியிருக்கிறான். அந்த மனிதன் எனக்கு என்ன பிடிக்கும் என்று அறியத்தான் சொட்கனா ரைபிளா என்று கேட்டிருக்கிறார். தன் ஊரில் வாங்கினால் வேட்டைக்காரர் எல்லாரும் விசாரிப்பார்கள் என்று இரகசியமாக ரயிலேறி வந்திருக்கிறார். இரண்டு தகப்பன்மாரும் இரகசியம் இரகசியம் என்று ஒரே பையனிடம் கேட்டிருக்கிறோம். அவனும் இருவருக்கும் ஒரே கடையை, ஒரே காலையைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்து சிரித்திருக்கிறான். மருமகன் கெட்டிக்காரன், அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது ஆன்ஜெலிக், யார் வாங்குவதானாலும் வேட்டைப் பெர்மியை, அதுதான் அனுமதிப்பத்திரத்தை, காட்டுங்கள், அது இல்லாமல் ஒரு தோட்டாக்கூட விற்கமாட்டேன் என்றாள். நான் தியரியைப் பார்த்தேன். தியரி நிலத்தைப் பார்த்தார். அவருடைய பெர்மி வீடு மாறியபோது எங்கோ தொலைந்து, அவர் அதைத் தேடவே இல்லையாம். படத்தில் இருந்த பன்றியைச் சுட்டது அவருடைய மச்சான். இவர் பக்கத்தில் நின்றவர்.

அந்த மனிதன் அவ்வளவு சொன்னபிறகு நான் எப்படிச் சும்மா நிற்பது? சம்பந்திக்கு என் வாழ்க்கையில் முதல்தடவையாக "நோன்" என்று சொன்னேன். நான் பன்றி சுட்டதில்லை, துவக்கைத் தோளில் வைத்தது இன்றைக்குத்தான் என்றேன். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் நான் ஊரை விட்டு வந்தனான்" என்றேன். அந்த வசனத்துக்கு எனக்குப் பிரெஞ்சு வரவில்லை, தமிழில்தான் வந்தது. திலகம் மொழிபெயர்த்தாள். தியரி என் தோளில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா, கடையென்றும் பார்க்கவில்லை.

வசந்தரூபி கண்டது அதற்குப் பிறகு, நாங்கள் வெறுங்கையோடு வெளியே வந்ததை. அவள் கையைப் பார்க்கவில்லை, கடையின் பெயர்ப்பலகையைத்தான் பார்த்திருக்கிறாள். தியரி எங்களுக்குப் பின்னால் வந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் தமிழ்க் கடைத்தெருவான ரூ து ஃபொபூர் சேன்-தெனிக்கு வந்து கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தோம். உறைப்பில் அழுதார், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. அவர் ரயில் பாதையில் வேலை செய்து முழங்காலைக் கெடுத்தவர், நான் குசினியில் நின்று கெடுத்தவன். முழங்காலைப் பற்றிப் பேச என் பிரெஞ்சு தாராளமாகப் போதும். கடைக்காரர் மேசையைத் துடைத்து, கதிரைகளைக் கவிழ்க்கத் தொடங்கும்வரை பேசினோம். இனிக் கலியாணத்தன்று நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி இருக்கமாட்டோம்.

ஆகவே அக்கா, எங்கள் வீட்டில் துவக்கில்லை, தோட்டாவில்லை, உறைகூட இல்லை. சம்பந்தி வீட்டுக்கு ஒரு நல்ல குத்துவிளக்கு வாங்குவதாகத் தீர்மானித்துவிட்டோம். பயப்படாமல் புறப்படுங்கள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்குத் திலகத்தின் முத்தங்கள், வசந்தரூபியின் கண்ணுக்கு நல்ல கண்ணாடி கிடைக்க என் ஆசி. உங்கள் காலைத் தொட்டு வணங்கி முடிக்கிறேன்.

என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
தவசீலன்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னம் தியரி போன் எடுத்தார். தமிழ்ச் சம்பந்தி பெரிய பன்றி வேட்டைக்காரர் என்று ஜெர்மேன் அந்த ஊர் முழுக்க முன்னமே சொல்லிவிட்டாராம். இப்போது ஊரே என்னைப் பார்க்கக் காத்திருக்கிறதாம். அவருக்கும் பழையதெல்லாம் மறந்துபோய்விட்டதாம், ஒரே வழி, இருவரும் சேர்ந்து பெர்மி வகுப்புக்குப் போவதுதான், பெயரைப் பதியட்டா என்று கேட்டார். சத்தம் பயம் என்றேன், காதுக்கு அடைப்பான் வாங்கித் தருகிறாராம். நான் "வுய்" என்று சொல்லிப்போட்டன். இரண்டு குழல் துவக்கை எடுத்துவைக்கச் சொல்லித் திலகமும் ஆன்ஜெலிக்குக்கு அறிவித்துவிட்டாள். அது தியரி வீட்டு இரும்பு அலுமாரியில்தான் இருக்கும், எங்கள் வீட்டில் நீங்கள் தாராளமாகக் கால் வைக்கலாம். வரேக்கை பன்றிக்கறிக்கு வறுத்த தூள் கொஞ்சம் கூடவே கொண்டு வாங்கோ.